மிச்சம் முப்பத்தொண்டு

முதல் லொறி வந்தது ஆனிக் கடைசியில.
நாப்பது சைக்கிள். பதினொரு நாள்.
பெல் பூட்டி முடிக்க முன்னமே
காசை மேசையில வைச்சிட்டு உருட்டிக்கொண்டு போச்சினம்.
கிராம அலுவலருக்கு ஒண்டு,
பாண்டியன்குளம் மருத்துவிச்சிக்கு ஒண்டு,
கணக்குப் படிப்பிக்கிற கருணைநாதன் சேர்
ரெண்டு கேட்டு ஒண்டோட போனார்.
நேற்று முப்பத்தெட்டாயிரம் வித்ததை
இண்டைக்கு அறுபத்தெட்டெண்டு சொல்ல
எனக்குத்தான் நாக்குக் கூசினது.
வாங்கினவை ஒருத்தரும் கூசேல்லை.

மல்லாவிச் சந்தியில இருந்து
பெற்றோல் செட் மட்டும் மோட்டச்சைக்கிள்.
சீற்றுக்கு மேல துவாய், துவாய்க்கு மேல கல்,
ஆள் வீட்டில.
அந்த வரிசைக்குப் பக்கத்தால
என்ரை கடைச் சைக்கிளுகள் ஓடேக்க
ஊரே மாறீட்டுதெண்டு நினைச்சன்.
வங்கியிலயும் அப்பிடித்தான் சொன்னன்.
கடன் எழுதின நிறோஷனும் தலையாட்டினான்,
அவனும் என்னட்டைத்தான் வாங்கினவன்.

ரெண்டாவது லொறி, ஐம்பத்திரண்டு.
மாங்குளத்தால அது திரும்பின கிழமைதான்
போனுக்குள்ள அந்தக் கறுப்புக் கட்டம் வந்தது.
கிழமைக்கு நாலு லீற்றர்.
நாலே நாலு.
அது காணுமெண்டு ஆர் நினைச்சது?

ஆவணி புரட்டாதி சேர்த்துப் பத்து.
ஐப்பசியில ஏழு, கார்த்திகையில மூண்டு.
மார்கழி மழைக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை.
தையில ஒண்டு,
அதுவும் ஒரு சாமத்தியவீட்டுக்கு மாமன் குடுத்த பரிசு.

பிறகு வாங்கினவையே வரத் தொடங்கிச்சினம்.
"மலர் அக்கா, மழையில ஒருநாளும் நனையவிடேல்லை,
இருபதுக்கெண்டாலும் எடுங்கோ."
நான் எடுக்கேல்லை.
சந்தையடி மதகில சாத்தி, மட்டையில விலை எழுதித் தொங்கவிட்டினம்.
என்ரை கையால வித்ததெல்லாம்
என்ரை புதுசுக்கு எதிரா நிண்டுது.

"விலையைக் குறையன்" எண்டான் கொழும்பில இருந்து தம்பி.
கொள்விலையே ஐம்பத்தாறு.
அவனுக்குச் சொல்லேல்லை.

இரவில கொப்பியை விரிச்சன்.
ஒரு வீட்டுக்கு ஒண்டு. ஒண்டு பத்து வருசம் ஓடும்.
அடுத்த வருசம் வரவேண்டியவர்,
அதுக்கடுத்த வருசம் மகள் ஏ.எல். போகேக்க வாங்கவேண்டியவர்,
எல்லாரும் ஒரே ஆடியில வந்திட்டுப் போட்டினம்.
அவையை நான் வாடிக்கையெண்டு எண்ணினன்.
அது பெற்றோல் வரிசையின்ரை மற்ற நுனி.

பிழை சொல்ல எனக்கு வாயில்லை.
ரெண்டு துளி பெற்றோல் விட்டு உதைச்சு
மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓட்டின சனம் இது.
நெல்லு, விறகு, நோயாளி, கூரைத்தகரம்
எல்லாத்தையும் கரியரில கட்டித் தள்ளின கால்.
அதுக்குச் சைக்கிளெண்டால் தேகப்பயிற்சியில்லை,
வேற வழியில்லை எண்டதுக்கு இன்னொரு பேர்.
வழி வந்தால் இறங்கும்தானே.

போன மாசம் நிறோஷன் வந்தான்,
தவணை பிந்தின கடிதத்தோட, மோட்டச்சைக்கிளில.
"உம்மடை சைக்கிள் எங்கை?" எண்டன்.
"மாட்டுக்கொட்டிலுக்கை. கோழி ஏறிப் படுக்குது."
சிரிச்சிட்டன்.
அவன் கடிதத்தை மடிச்சுக்கொண்டு கேட்டான்,
"நீங்கள் எதிலயக்கா கடைக்கு வாறனீங்கள்?"
வாசலில நிண்ட ஸ்கூட்டியை
ரெண்டு பேரும் பாக்கேல்லை.

மிச்சம் முப்பத்தொண்டும் கூரை வளையில தொங்குது.
பொலித்தீன் உரிக்கேல்லை.
சோளகம் அடிச்சால் முன்சில்லு தானாச் சுத்தும்.

ஓடாத ரியூப்பிலயும் காத்து இறங்குமெண்டு
இந்த யாவாரத்துக்கு வந்துதான் தெரியும்.
அப்பிடியே விட்டால் ரயர் வெடிச்சுப்போம்.
சனிக்கிழமை பின்னேரம் கதவைச் சாத்திப்போட்டு
ஏணியில ஏறி ஒவ்வொண்டாக் காத்தடிக்கிறன்.
அறுபத்திரண்டு ரயர்.
நாப்பதாவதில கை உளையும்.