சிவப்பு கூடாது

இரவுப் பணி முடிந்து
தபால் பிரிக்கும் கூடத்திலிருந்து வெளியே வந்தால்
ஓவ்லு நகரத்தில் காலை ஏழு மணியும் இருட்டுதான்.
பேருந்து நிறுத்தத்தில் கையுறையைப் பல்லால் கழற்றுகிறேன்.
செயலி கேட்கிறது:
சைமி, நாளை மறுநாள் குடல் பரிசோதனை. தயாரா?

ஆம், இல்லை, இரண்டே பொத்தான்கள்.
நடுவில் ஒன்று வைத்திருக்கலாம்.

இருபத்தைந்து முடிந்த வாரம்
மரபணு ஆலோசகர் ஹெய்க்கிலா
என் கைபேசியில் இதை இறக்கித் தந்தார்.
முதல் வேலையாகக் குடும்பத்தை வரையச் சொன்னது.
ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம்,
நோய் கண்டவர்கள் கறுப்பு.
அப்பாவின் சதுரத்தை விரலால் தொட்டேன்,
நிரம்பிவிட்டது.
எத்தனை வயதில்? நாற்பத்தொன்று.
அத்தை? முப்பத்தெட்டு.
கடைசி மாதம் முழுக்க அப்பா
ஐஸ் ஹாக்கி ஆட்டங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்ததை
எழுத அங்கே கட்டமில்லை.
அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

தம்பி வெய்க்காவின் சதுரத்துக்குள்
ஒரு கேள்விக்குறி.
மினுங்காது, துடிக்காது,
நான்கு வருடமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது.
பாதிக்குப் பாதி வாய்ப்பு.
அவன் பிறக்குமுன்பே நாணயத்தைச் சுண்டியாகிவிட்டது.
உள்ளங்கையை விரித்துப் பார்க்கத்தான் மாட்டேன் என்கிறான்.

உறவினருக்கு அனுப்பு:
அந்தப் பொத்தானைப் பதினொரு முறை அழுத்தியிருக்கிறேன்.
செயலி எழுதித்தரும் கடிதம் மரியாதையானது,
யாரையும் பயமுறுத்தாதது,
எங்கள் வீட்டில் யாரும் பேசாத மொழியில் இருப்பது.
ஒருமுறை அதை அழித்துவிட்டு நானே எழுதினேன்,
டேய், போய்த் தொலை, ரத்தம் கொடு.
அதற்கும் பதிலில்லை.
பனியுடைக்கும் கப்பலில் எந்திர அறை அவனுக்கு.
உறைந்த கடலைப் பிளந்து
அடுத்தவர் கப்பல்களுக்கு வழி விடுகிற வேலை.

மறுநாள் மாலை
சமையலறை மேசையில் இரண்டு லிட்டர்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
செயலி மணியடிக்கிறது: அடுத்த கோப்பை.
கடலைக் காய்ச்சி ஆறவைத்து
சோப்பைக் கரைத்த ருசி.
முதல் தடவை அழுதேன்.
இது மூன்றாவது;
மூக்கைப் பிடித்து, சுவரைப் பார்த்து, ஒரே மூச்சு.
போன முறை ஒரு சின்ன முளை, மிளகளவு.
அங்கேயே வெட்டி எடுத்தார்கள்.
விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று
செயலி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அடுத்தது இரண்டு வருடம் கழித்து என்று
பச்சையில் ஒரு வரி மட்டும்.

நாலாவது கோப்பையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது.
செயலி இல்லை. வெய்க்கா.
அக்கா, அந்தத் தண்ணீரில்
லிங்கன்பெரிச் சாறு கலந்து குடிக்கலாமா?

எப்போது ரத்தம் கொடுத்தாய்
யார் சொன்னார்கள்
ஏன் என்னிடம்
எல்லாவற்றையும் தட்டினேன், எல்லாவற்றையும் அழித்தேன்.
செயலியின் உணவுப் பக்கத்தைத் திறந்து
ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து எழுதினேன்:
சிவப்பு கூடாது. உள்ளே ரத்தம் போலத் தெரியும்.
ஆப்பிள் சாறு பரவாயில்லை.
நன்றாகக் குளிரவைத்துக் குடி.

அவன் பக்கம் மூன்று புள்ளிகள்
தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின.
என்ன எழுதுகிறான் என்று காத்திருக்க எனக்கு நேரமில்லை,
குளியலறைக்கு ஓடினேன்.