இடது தாடை

இடது தாடையை மட்டும் எண்ண வேண்டும்.
வலதையும் சேர்த்தால்
ஓர் எலி இரண்டாகிவிடும்.

பாகூரில் ஒரு சொல்தா வீடு
பூட்டிக் கிடக்கிறது.
உடையவர் துலூஸில்.
மாடியில் வாடகை தராத குடித்தனம்.
ஊரில் அதன் பெயர் சாவுக்குருவி.
எங்கள் படிவத்தில் கூகை, ஒரு ஜோடி.

விடியுமுன் சாவியோடு போவேன்.
இரவெல்லாம் தின்று கக்கிய உருண்டைகள்
தரையில் ஈரம் மினுங்கக் கிடக்கும்,
பேரீச்சம்பழம் போல.
வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால்
மயிர், மயிர், இன்னும் மயிர்,
பிறகு ஊசியாக ஒரு விலா,
பிறகு ஆரஞ்சு நிறப் பல்லோடு
தாடை.
திருப்பிப் பார்த்து, இடதென்றால்
ஒரு கோடு போடுவேன்.

ஐப்பசி நடவில்
அஞ்சலாட்சியின் குதிகால் வெடிப்பு வழியே
நுழைந்தது
எலி மூத்திரத்தில் நீந்தும் திருகாணி.
கண் மஞ்சளித்ததும் காமாலை என்று
கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.
ஆறாம் நாள் ஜிப்மர்.
மூன்று முறை டயாலிசிஸ்.
பிழைத்து வந்தவளின் ரத்தம்
எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது,
பா-117 என்ற பெயரில்.

அந்த வருஷம் சேஷாசலம்
வரப்பெங்கும் நீலக் கட்டி வைத்தார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
ஏக்கருக்கு ஆறு மூட்டை எலிக்குப் போனால்
நானும் வைப்பேன்.
தின்ற எலி உடனே சாகாது.
நாலைந்து நாள் தள்ளாடும்.
தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது சுலபம்.

தைப் பனியில், மாடிப்படியில்
பெண் கூகை கிடந்தது.
வெற்றிலை வடிவத்தில் வெள்ளை முகம்.
அலகோரம் உறையாத ரத்தம் ஒரு சொட்டு.
டீக்கடையில் யாரோ
"சனியன் தொலஞ்சுது" என்றார்.
ஈரலை ஐஸ் பெட்டியில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டு
புதுச்சேரிக்கு டவுன் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் கேட்டார், "மீனா?"
ஆமாம் என்றேன்.

ஈரலில் விஷம் இருந்தது.

கூகை போனால் எலி பெருகும்,
எலி பெருகினால் காய்ச்சல் பெருகும்
என்று அறிக்கையில் எழுதியிருந்தேன்.
ஃபிலோமினா மேடம் அடித்துவிட்டார்.
என்னைவிடப் பதினோரு வயது சின்னவர்.
"ஓர் ஊர், பதினாறு மாசம்.
இதை வச்சு அதைச் சொல்ல முடியாதுக்கா.
விஷம் இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க."
எனக்குக் கோபம்.
இரண்டு நாள் அவரோடு சாப்பிடவில்லை.
மூன்றாம் நாள் நானே
அந்த வரியை முழுசாக அழித்தேன்.
அடித்த கோட்டுக்குக் கீழேயும்
அது படிக்க முடிந்தது, அதுதான் காரணம்.

மறு ரத்தம் எடுக்கப் போனபோது
அஞ்சலாட்சி கேட்டாள்,
"அதுங்க எத்தினி எலி துன்னுச்சு?"
எண்ணியது எண்ணூற்றுப் பன்னிரண்டு.
எண்ணாதது தெரியாது என்றேன்.
"அவ்ளோவா" என்று கையை நீட்டினாள்.
ஊசி இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை போல.
"ராவுல அது கத்துனா
எனக்கு இன்னமும் கொலதான் நடுங்குது.
சவத்த, இருந்துட்டுப் போவட்டும்.
சேஷாசலத்துகிட்ட நா பேசுறேன்.
நடவுக்கு எங்க ஆளுங்க வேணும்னா
கட்டிய எடுக்கட்டும்."

எடுத்தார். எல்லா வரப்பிலும் அல்ல,
ரோட்டோரம் தெரிகிற வரப்பில்.

ஆண் கூகை மட்டும் இன்னும் மாடியில் இருக்கிறது.
இன்று காலை ஒரே ஓர் உருண்டை.
ஊறப்போட்டிருக்கிறேன்.
தண்ணீர் மெல்லக் கலங்குகிறது.
மயிருக்குள் நீலமாக ஏதோ தெரிகிறது.
சாக்கு நூலாக இருக்கலாம்.
இடுக்கியை எங்கே வைத்தேன்?