இரட்டை மூலம்

மொபேனியில், சவுத் கோஸ்ட் சாலை ஓரம்,
ஷாக் அப்சார்பர் கடையில் பில் போடுகிறேன்.
வண்டியின் மூக்கை அமுக்கி விடுவதுதான் சோதனை.
அமுக்குவது தெம்பெலானி. எண்ணுவது நான்.
மூன்று முறை குதித்தால் எண்ணெய் ஒழுகிவிட்டது.
குதிக்காமல், சோம்பாமல், வந்து நின்றால்
‘போகலாம்’ என்று சீட்டு எழுதுவேன்.

இரவில் சாட்ஸ்வொர்த், மூன்றாம் மாடி.
தொலைதூரக் கல்வி, இரண்டாம் ஆண்டு,
நேரியல் இயற்கணிதம்.
வயது நாற்பத்தொன்று.
போன தேர்வில் வாங்கியதும் அதுவே.

முதல் அத்தியாயத்திலேயே தகராறு.
திசையன் என்றால் அம்பு என்றுதான் பள்ளியில் சொன்னார்கள்.
இங்கே, கூட்ட முடிந்தால் போதும்,
எண்ணால் பெருக்க முடிந்தால் போதும்,
சைன் அலையும் திசையன்.
நீ யார் என்று கேட்பதில்லை,
எப்படி நடந்துகொள்வாய் என்று மட்டும்.
அப்பாவின் அடையாள அட்டையில்
இனம் என்று ஒரு கட்டம் இருந்தது.
எட்டு விதிகளையும் இரண்டு தடவை படித்தேன்.
அந்தக் கட்டம் இல்லை.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் எங்கள் கடை வந்தது:
நிறை, சுருள்வில், எண்ணெய்.
முடுக்கத்தோடு இருமடங்கு வேகம்,
அதோடு விலகிய தூரம்,
கூட்டினால் பூஜ்ஜியம்.
தீர்வுகள் எல்லாம் சேர்ந்து ஒரு தளமாம்.
இரண்டு தூண் நட்டால் போதும்,
மற்றவை அவற்றின் கலவை.

அணியாக எழுதினேன்
(கழுத்தில் போடுவதல்ல; நாலு எண், இரண்டு வரிசை).
ஐகன் மதிப்பு: மைனஸ் ஒன்று.
இன்னொன்று: மைனஸ் ஒன்று.
ஐகன் திசையன்: கிடைத்தது.
இன்னொன்று:

மூன்று இரவு தேடினேன்.
பின்பக்கத்து விடை சொன்னது,
கிடைத்த தீர்வை நேரத்தால் பெருக்கு.
அதுதான் இரண்டாம் தூண்.

எந்த நேரம்? எங்கிருந்து?
எனக்கே கிடைக்காத நேரம்
அழைக்காத கல்யாணத்தில்
இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நோக்வாண்டாவுக்குப் போன் போட்டேன்.
பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இரவுப்பணி நர்ஸ், என் வகுப்பு.
அவள் பின்னால் ஏதோ ஒரு மானிட்டர் கூவியது.
“வகையிடு, அதோடு அதையே கூட்டு.
என்ன ஆகிறதென்று பார்” என்று வைத்துவிட்டாள்.

பத்து மணி. அட்டவணைப்படி மின்வெட்டு.
போன் வெளிச்சத்தில் போட்டேன்.
முதல் தூணின்மேல்: பூஜ்ஜியம். ஒரே அடி.
அழையா விருந்தாளியின்மேல்:
சாகவில்லை.
முதல் தூணாகி நின்றது.
திரும்பவும் அதே அடி.
பூஜ்ஜியம்.

ஓ.
ஓரடிக்கு விழாமல் ஈரடிக்கு விழுகிறதா நீ.
சமன்பாடு உன்னை இரண்டு தரம்தான் அடிக்கும் என்று
தெரிந்தேதான் வந்தாயா.
கிழே யாரோ ஜெனரேட்டரை இழுத்தார்கள்,
நாலாம் இழுப்பில் உயிர் வந்தது.

மறுநாள் ஒரு பழைய டொயோட்டா.
வெள்ளத்துக்குப் பிறகு யாரும் மூடாத குழிகளின் வாடிக்கையாளர்.
தெம்பெலானி அமுக்கினான், கையெடுத்தான்.
பதினோரு வருடம் பார்த்தது,
அன்றுதான் பார்த்தேன்.
அமுக்கிவைத்து அப்படியே விட்டால்
இரண்டும் வேண்டும், சரிக்குச் சரி.
தேய்வு மட்டும் போதாது.
அமைதியாய் உருளும் வண்டியைக் குழி இடிக்கிறதே,
எகிறி, உச்சி தொட்டு, இறங்குகிறதே,
அது முழுக்க அந்த விருந்தாளி.
வேறு யாருமில்லை.

“என்ன சிரிப்பு?” என்றான்.
“எண்ணெய் நல்லா இருக்கு” என்றேன்.
சீட்டு எழுதினேன்.

தேர்வு நவம்பர் ஆறு.
மூலம் மூன்றும் ஒன்றாய் வந்தால்
நேரத்தின் வர்க்கமும் வருமாம், அடுத்த பக்கம்.
வரட்டும்.
இன்னொரு இலை போடுகிறேன்.