கால்நடை

மூன்று அங்குல இரும்பு வளையம் ஒன்று,
என் புருஷன் விட்டுப்போன சொத்து.
அதற்குள் நுழையாத கல்லுக்குக் கூலி கிடையாது.
லாரல் மலையின் மேற்குச் சரிவு முழுக்க
ஃபெலிம் உட்கார்ந்தபடியே உடைத்தான்.
ஒரு மார்ச் மாதம்
இடக்கண்ணைக் கல்சில்லுக்குக் கொடுத்துவிட்டு
மற்றதைச் சுருக்கிக்கொண்டு உடைத்தான்.
மேற்பார்வையாளன் வளையத்தை நீட்டிப் பார்ப்பான்:
இது போகும், இது போகும், இது போகாது.
மறுபடி உடை.

சாலைக்கு ஏது இவ்வளவு காசு என்று ஒருநாள் கேட்டேன்.
ஓஹையோவில் நிலம் விற்ற காசு என்றான்.
நூறு டாலருக்கு இரண்டு டாலர்
வாஷிங்டனில் எடுத்து வைத்தார்களாம்.
யாருடைய நிலம்?
ஷானிக்காரர்கள் இருந்தது.
இருந்தது என்றால்?
அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு சுங்கவீட்டை எனக்குக் கொடுத்தார்கள்.
ஆறு பக்கச் சுவர்.
கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல்,
வாசலில் சாலைக்குக் குறுக்கே நீளக் கழி.
அதற்குள் வாஷிங்டனுக்குச் சாலை அலுத்துவிட்டிருந்தது.
பழுதுச் செலவை மாநிலத்தின் தலையில் கட்டினார்கள்,
மாநிலம் வருகிறவன் தலையில் கட்டியது.

கதவில் பலகை:
ஆடு, பன்றி இருபதுக்கு ஆறு சென்ட்.
மாடு இருபதுக்குப் பன்னிரண்டு.
குதிரையும் ஆளும் நாலு.
சக்கரம் எட்டங்குல அகலமென்றால் ஒன்றுமில்லை,
அது கல்லை அமுக்கித் தருகிறதாம்.
கால்நடையாய் வருகிறவர்க்கும் ஒன்றுமில்லை.

மாவு போயிற்று, விஸ்கி வந்தது.
உப்பு இறங்கிய விலைக்கு இறங்கியது, பிறகு ஏறவேயில்லை.
வைக்கோலில் புதைத்த பியானோ ஒன்று
ஒவ்வொரு மேட்டுக்கும் முனகிக்கொண்டு மேற்கே போனது.
இண்டியானா இந்த வளைவுக்கு அப்பாலா என்று
கைக்குழந்தையோடு ஒருத்தி கேட்டாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் கிரீன்பெரி ஹாஸ்கின்ஸ் வந்தான், குதிரைமேல்.
பின்னால் வர்ஜீனியாவிலிருந்து முப்பத்திரண்டு பேர்,
இருவர் இருவராய், நடுவே ஓடும் சங்கிலி.
வீலிங் துறை வரை நடை,
அங்கிருந்து படகில் தெற்கே.
அவன் பையில் ரசீது இருந்தது,
தலைக்கு இவ்வளவு என்று.

இருபதுக்குப் பன்னிரண்டு என்றேன்.
அவன் வாயால் ஏதாவது சொல்லட்டும் என்றுதான்.

சிரித்தான்.
அம்மணி, பலகையை நீங்களே வாசியுங்கள்.
கால்நடைக்குத்தான் சுங்கம்,
இவர்கள் கால்நடையாய் வருகிறவர்கள்.

அவர்களை மாடாக்கியது என் வாய்.
கழியைத் தாண்டும்வரை மனிதராக்கியது
அவனுடைய கஞ்சத்தனம்.

முன்வரிசையில் ஒரு பெண்
என் மணிக்கட்டையே பார்த்தாள்.
ஃபெலிமின் வளையத்தை நான் கையில் போட்டிருந்தேன்.
அவள் கையிலும் ஏறக்குறைய அதே அளவு.

குதிரைக்கு நாலு சென்ட் வாங்கிக்கொண்டு
கழியைத் தூக்கினேன்.
தூக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?
இருபது வருஷமாய் அந்தக் கணக்கு மட்டும் தீரவில்லை.
அன்றைய நோட்டில் பன்றி நாற்பது, வண்டி ஏழு,
குதிரையும் ஆளும் ஒன்று.
மற்றவர்களுக்கு அதில் கட்டமே இல்லை.

பால்டிமோர் ரயில் வீலிங்கைத் தொட்ட பிறகு
வண்டிமணி ஓய்ந்தது.
எதிர்ச் சத்திரத்துக்காரன் சன்னல்களை விற்றான்,
பிறகு கதவை.
கழி உளுத்துவிட்டது, இறக்குவதேயில்லை.

பெருமழை விட்ட காலைகளில்
கற்கள் கழுவிக்கொண்டு மேலே வருகின்றன.
வளையத்தைக் கழற்றி ஒன்றொன்றாய் விட்டுப் பார்க்கிறேன்.
எல்லாம் நுழைகிறது.
சரியாகத்தான் உடைத்திருக்கிறான்.