யூஸ்

அஜ்மான் தொழிலாளர் கோர்ட்டுக்கு எதிரே
டைப்பிங் சென்டரில் வேலை எனக்கு.
வக்கீல் விட்டுப்போன அகராதியில்
ஒரு லத்தீன் சொல்: யூஸ்.
சட்டம் என்றும் பொருள், உரிமை என்றும்.
கீழே, சின்ன எழுத்தில்: குழம்புச் சாறு.

தவசிமணிக்குச் சிரிப்பு.
"ஏழு மாசமா
அதுவும் கடன்தான், மெஸ்ஸுல."

வராத சம்பளத்தை அரபியில்
ஹக்கு என்று அடிக்கிறேன்.
தமிழில் சட்டம் என்றால்
அவர் பொருத்தும் ஜன்னலுக்கும் அதுதான்.
முப்பதாம் மாடி, அலுமினியம்,
கண்ணாடி ஏறும்வரை
உள்ளே காற்று மட்டும்.

டோக்கன் இருநூற்றுப் பதினாறு.
திரையில் தொண்ணூற்று நான்கு.
உங்க முறை வரும் என்றேன்.
"எந்த முறை?" என்று கேட்டுவிட்டு
டோக்கனை நாலாய் மடித்தார்.