தொண்ணூற்று மூன்றரை

உயர்தரத்தில் நான் படித்தது
இந்து நாகரிகம், புவியியல், தமிழ்.
நியமனக் கடிதத்தில் விஞ்ஞானம் என்றிருந்தது.
"ஆளில்லை டீச்சர், சமாளிங்க" என்றார் அதிபர்.
ஏழு வருடம் சமாளித்தேன்.
ஒட்சிசனைக் கரும்பலகையிலேயே தயாரித்தேன்.
தவளையைச் சோக்கட்டியால் அறுத்தேன்.
அமிலம் பட்டால் பாசிச்சாயத்தாள் சிவக்கும் என்று
அந்தத் தாளைக் கண்ணால் காணாமலே
எத்தனை பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்திருப்பேன்.

பிறகு வந்தது வார இறுதிப் பயிற்சி.
கந்தப்பளையிலிருந்து முதல் பஸ்,
நுவரெலியாவில் குளிர்ந்த மண்டபம், இருபத்தாறு பேர்.
ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல்:
ஐந்து படிகளையும் மனப்பாடம் செய்தோம்.
கண்டறிவது எப்படி என்பதையும்
மனப்பாடம்தான் செய்தோம்.

மதிப்பீட்டு நாள். பத்தாம் தரம். நீரின் கொதிநிலை.
ஆலோசகர் யோகசீலன் சேர் கடைசி வாங்கில், மடியில் பைல்.
விளக்குக்கு ஸ்பிரிட் இல்லை.
யாராவது குடித்துவிடுவார்கள் என்று
அலுமாரியில் வைத்துப் பூட்டியதில்
சாவியும் ஆவியாகிவிட்டது.
சத்துணவுக்காரரின் மண்ணெண்ணெய் அடுப்பு,
முகவை உடைந்ததால் ஒரு கேத்தல்,
ஒரேயொரு வெப்பமானி.
தகரத்தில் மழை. என் குரல்
மூன்றாம் வாங்கைத் தாண்டவில்லை.

ஐம்பது. எழுபது. எண்பத்தெட்டு.
தொண்ணூற்று மூன்றரையில்
இரசம் நின்றுவிட்டது.
தண்ணீர் மூடியைத் தள்ளித் துள்ளுகிறது.
இரசம் அசையவில்லை.
"கொஞ்சம் பொறுங்க" என்றேன்,
பிள்ளைகளிடமா இரசத்திடமா தெரியாது.
திரியைத் தூண்டினேன். நீர் குறைந்தது,
எண் ஏறவில்லை.

வாங்குகளுக்கிடையே நடந்து பார்த்தால்
கொப்பிகளில் எல்லோரும்
ஏற்கெனவே நூறு எழுதியிருந்தார்கள்,
சிவப்பு மையில், அடிக்கோடிட்டு.
கெவின்ராஜ் வரைபையே கீறி முடித்திருந்தான்,
நூறில் வளைந்து நேராகப் போகும் கோடு.
குறை சொல்ல முடியாது.
என்னிடம்தான் படித்தார்கள்.

தர்மிலா மட்டும் எழுதவில்லை.
"டீச்சர், கொழும்புல பருப்பு வெரசா அவியுதாம்,
வீட்டு வேலைக்குப் போன அக்கா சொன்னிச்சு.
இங்க அம்மா பருப்பத்தான் திட்டும்."

வகுப்பு சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எனக்குப் புவியியல் தெரியும்.
உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறையும்;
அதை எழுதிப் பன்னிரண்டு புள்ளி வாங்கியவள் நான்.
அந்த வளிதான்
இந்தக் கேத்தலின் மீதும் உட்கார்ந்திருக்கிறது என்று
ஒரு வினாத்தாளும் என்னைக் கேட்டதில்லை.

பலகையில் மலையைக் கீறினேன்,
உச்சியில் ஒரு கேத்தல்.
கீழே கடல், கரையில் ஒரு கேத்தல்.
கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
மூன்று கைகள்.
"அப்ப நூறுங்கிறது அவங்க தண்ணியா டீச்சர்?"
"கொப்பியில வெட்டவா?"
வெட்டுங்கள் என்றேன்.
"பரீட்சையில?"
மணி அடித்தது.
நல்லவேளை என்று நினைத்தேன்.
அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

படிவத்தில் சேர் இட்ட குறிப்பு:
நேர முகாமைத்துவம், திருப்தியில்லை.
எதிர்பார்த்த பெறுபேறு, பெறப்படவில்லை.
கையொப்பம். திகதி. முத்திரை.
குடையை விரித்தவர்
படியிலேயே நின்றார்.
"அந்த வெப்பமானிய ஒரு நாளைக்குத் தர ஏலுமா?
கொட்டகலையில எங்க வீட்டிலயும்
ஒருக்கா வச்சுப் பார்க்கணும்."

ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.
கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன்.
மூன்று வாரமாகிறது,
இன்னும் திரும்பி வரவில்லை.

நாளைக்குக் காந்தம்.
அது ஒன்று இருக்கிறது, துருவெழுத்து அழிந்து.
எந்த முனை வடக்கென்று
எனக்கும் தெரியாது.
நூல் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.