நூற்று இருபத்தெட்டு

காத்திருப்பு இசை நாற்பது நிமிடமாய் ஓடியது.
ஷூவைக்கூடக் கழற்றாமல் வார்விக்
முட்டை பொரித்தான், தின்றான்,
தட்டையும் கழுவிக் கவிழ்த்தான்.
பிறகு சட்டென்று ஒரு பெண்குரல்:
"ஆண்டுக்கு எத்தனை இரவு
குழந்தை உங்கள் வீட்டில் தூங்குகிறாள்?"

எத்தனை பகல் என்று கேட்டிருந்தால்
யோசிக்காமல் சொல்லியிருப்பான்.

பர்னி ஆஸ்பத்திரியில் இரவெல்லாம்
கட்டில் தள்ளுகிறவன்.
எக்ஸ்ரேக்கு ஒரு கட்டில், அறுவைக்கு ஒரு கட்டில்,
விடிகாலையில் சிலசமயம்
முகம் மூடிய ஒரு கட்டில், மெதுவாக.
ஊரார் தூங்கும் நேரம் அவனுக்குச் சம்பளம்.
மகள் தூங்கும் நேரமும் அதுதான்.

இரண்டே முக்காலுக்குப் பள்ளி வாசல்.
ஹேட்டியின் பையில் நசுங்கிய வாழைப்பழம்,
ஒற்றைக் கையுறை, பேன் வந்திருப்பதாக ஒரு சீட்டு.
சீப்பு அவன் கையில், ஸ்பகெட்டி அடுப்பில்,
"எட்டும் ஏழும்?"
"பதினஞ்சு, நீ என் முடியை இழுக்கிறே."
ஏழரைக்கு டாம்சினின் கார் விளக்கு
திரைச்சீலையில் ஏறி இறங்கும்.
பிள்ளை, பை, பாதி வரைந்த பென்குயின்
எல்லாம் கைமாறும்.
அவன் சீருடை மாட்டுவான்.

நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி
பென்சில் வட்டங்களை இருமுறை எண்ணினான்.
நூற்று இருபத்தொன்று.

"முப்பத்தைந்து சதவீதம் வேண்டும், ஐயா.
அப்படியென்றால் நூற்று இருபத்தெட்டு."
ஏழு தூக்கம் குறைகிறது.

"சரி, வருமானம்? வரும் ஜூன்வரை எவ்வளவு வரும்?"
"யார் லீவு போடுகிறார்களோ, அதைப் பொறுத்து."
"ஒரு மதிப்பு சொல்லுங்கள்.
குறைத்துச் சொன்னால் பிற்பாடு கடனாகும்,
கூட்டிச் சொன்னால் வருஷக் கடைசியில் மிச்சம் வரும்."
ஜோசியம் பார்க்கத் தெரியாதவன்
ஒரு தொகை சொன்னான்.
விசைப்பலகையில் அது விழுந்த சத்தம் கேட்டது.

அவள் கெட்டவளில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"இரவுக் கணக்கு உங்கள் நிலைமையைக் காட்டவில்லையென்றால்
மணிக்கணக்கைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.
படிவம் அனுப்பட்டுமா?"

சீப்பும் ஸ்பகெட்டியும் எட்டும் ஏழும்
முதல்முறையாக ஒரு கட்டத்துக்குள் போய் உட்காரப் பார்த்தன.
நாளுக்கு நாலே முக்கால் மணி,
பெருக்கத் தொடங்கிய விரல்
பாதியில் நின்றது.

"எனக்கு வந்தால் அவளுக்குக் குறையுமா?"

"தொகை ஒன்றுதான், ஐயா. பங்குதான் மாறும்."

டாம்சினின் வாடகை அவனுக்குத் தெரியும்.
அந்த வீட்டுக் குளியலறைப் பூஞ்சையைத்
தேய்த்ததே அவன்தான், பிரிந்த பிறகும், ஒரு ஞாயிறு.

படிவத்தை அனுப்பச் சொன்னானா
வேண்டாமென்றானா
என்று தூங்கி எழுந்தபோது அவனுக்கே சரியாக நினைவில்லை.

ஏழரை. கார் விளக்கு.
வாசலில், மழையில், நாள்காட்டியை நீட்டினான்,
அதிகம் விளக்காமல்.
டாம்சின் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்,
ஆகஸ்டில் நின்றாள்.
"இந்தப் பத்தொன்பது?"

நாய் குரைப்பதுபோல் ஹேட்டி இருமிய இரவு.
மூச்சுக்கு அவள் கழுத்துக்குழி உள்ளே போய்
வெளியே வந்துகொண்டிருந்தது.
காரை ஓட்டிவந்தது டாம்சின்.
அவசரப் பிரிவிலிருந்து வார்டுவரை
கட்டிலைத் தள்ளியது வார்விக், பணிநேரத்தில்.
விடியும்வரை நாற்காலியில் அவள்.
நாற்பது நிமிடத்துக்கொருமுறை
ஏதோ வேலைபோல் அந்தப் பக்கம் வந்துபோனது அவன்.

அந்தக் கட்டத்தில் வட்டமில்லை.
அவளிடமுள்ள நாள்காட்டியிலும் இல்லையாம்.

"இது யார் வீட்டு ராத்திரி?" என்றாள்.

பின்சீட்டிலிருந்து ஹேட்டி கத்தினாள்,
பென்குயினுக்கு இன்னும் கால் வரையவில்லை,
கறுப்பு பென்சில் உள்ளே இருக்கிறது, அப்பா.

அவன் எடுத்துவரப் போனான்.